கோத்தகிரி மலைப்பாதையில் பிஎஸ்6 டீசல் பிக்கப்: 3 வருஷம், 92,000 கிலோமீட்டர் ஓட்டிய அனுபவம்

எங்கள் பக்கம் ராத்திரி 12 மணிக்கே கேரட் பிடுங்க ஆரம்பித்துவிடுவார்கள். 3 மணிவாக்கில் மூட்டைகள் கழுவும் மெஷினுக்கு வரும். கழுவி, மறுபடி சாக்கில் கட்டி என் வண்டியில் ஏற்றும்போது 4 மணி ஆகிவிடும். ஏலம் தொடங்குவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கியாக வேண்டும். கோத்தகிரியிலிருந்து 33 கிலோமீட்டர், முழுக்க இறக்கம். இறக்கிய பிறகு சில நாள் காலி வண்டியோடு திரும்புவேன், சில நாள் உர மூட்டையோடு ஏறுவேன். வாரத்துக்கு இரண்டு தடவை கோயம்புத்தூர் வரை லோடு இருக்கும். இதுதான் என் வண்டியின் வாழ்க்கை. கீழே எழுதுவதையெல்லாம் இந்தப் பாதையை மனசில் வைத்தே படியுங்கள். சேலத்திலிருந்து சென்னைக்கு நேராக ஓட்டுகிறவருக்கு வேறு அனுபவம் இருக்கும்.

வண்டி ஒன்றரை டன் ஏற்றும் நாலு சிலிண்டர் டீசல் பிக்கப். 2022 ஜூனில் எடுத்தேன். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. இங்கே மண்டியில் நிற்கும் மூன்று நான்கு கம்பெனி வண்டிக்காரர்களோடும் பேசிப் பார்த்தேன், புகை சமாச்சாரத்தில் எல்லாரும் சொல்வது ஒரே கதைதான்.

இதற்கு முன் 2013 மாடல் பிஎஸ்3 பிக்கப் வைத்திருந்தேன் (பிஎஸ் என்றால் பாரத் ஸ்டேஜ், வண்டிப் புகைக்கான அரசு விதி; நம்பர் கூடக்கூட விதி கடுமை). பாடுபட்ட வண்டி, குறை சொல்ல மனசு வராது. ஆனால் புகை? ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரைப் போட்டு மிதித்தால் பின்னால் கறுப்புத் திரை விழும். தேயிலை பறிக்கப் போகும் பெண்கள் ரோட்டோரமாக வரிசையாக நடந்து போவார்கள். என் வண்டிச் சத்தம் கேட்டதுமே முந்தானையை எடுத்து மூக்கை மூடிக்கொள்வார்கள். வருஷக்கணக்காக அதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். என் அம்மாவுக்கு வீசிங் உண்டு. வீட்டு வாசலில் வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போது உள்ளே ஜன்னலைச் சாத்துவார். புது வண்டி வந்த முதல் வாரம் ஒரு நாள் விடியற்காலை ஸ்டார்ட் பண்ணினேன். அம்மா வாசலில் காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார், ஜன்னல் திறந்தே இருந்தது. இந்த வண்டிக்கு நான் கொடுக்கும் முதல் மார்க் அதற்குத்தான். மைலேஜ் கணக்கெல்லாம் அப்புறம்.

புகை எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால்தான் இந்த வண்டியை ஒழுங்காக ஓட்ட முடியும். அதனால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

நாடு முழுக்க பிஎஸ்6 வந்தது 2020 ஏப்ரல் 1. பிஎஸ்4லிருந்து நேராக 6, நடுவில் 5 கிடையாது. டீசலில் இருக்கும் கந்தகத்தையும் அதோடு 50 பிபிஎம்மிலிருந்து (பத்து லட்சத்தில் 50 பங்கு) 10 பிபிஎம்முக்குக் குறைத்தார்கள். இந்த எடை வண்டிக்கு பிஎஸ்4ல் கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராம் வரை கரித்துகள் விடலாம், பிஎஸ்6ல் 4.5 மில்லிகிராம். நைட்ரஜன் ஆக்சைடு 390லிருந்து 125க்கு இறங்கியது. இன்ஜினை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் கரியை இவ்வளவு குறைக்க முடியாது. வெளியே போகும் வழியில் பிடித்துத்தான் ஆக வேண்டும். அந்தப் பிடிக்கிற பெட்டிதான் டிபிஎஃப், அதாவது டீசல் கரித்துகள் ஃபில்டர்.

உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான். ஒவ்வொரு குழாயும் ஒரு முனையில் அடைத்திருக்கும், பக்கத்துக் குழாய் மறுமுனையில் அடைத்திருக்கும். அதனால் புகை பீங்கான் சுவர் வழியாகப் புகுந்துதான் வெளியே போக முடியும். கரி சுவரில் தங்கிவிடும். தங்கிக்கொண்டே இருந்தால் அடைத்துவிடும் அல்லவா? அதனால் அவ்வப்போது அதை எரிக்க வேண்டும், சுமார் 600 டிகிரி சூட்டில். அதற்காக வண்டியின் கணினி சிலிண்டருக்குள் வழக்கமான நேரத்தைத் தாண்டிக் கொஞ்சம் டீசலைப் பீச்சும். அந்த டீசல் டிபிஎஃப்புக்கு முன்னால் இருக்கும் கேட்டலிஸ்ட்டில் போய் எரிந்து சூட்டைக் கிளப்பும். இதைத்தான் ரீஜென் என்கிறார்கள். முழுதாக முடிய என் வண்டிக்கு 15 முதல் 20 நிமிஷம் ஆகிறது. அந்த நேரத்தில் செலவாகும் டீசல் வண்டியை ஒரு அடிகூட நகர்த்துவதில்லை, பெட்டியைச் சுத்தம் பண்ணுவதற்கு மட்டும்தான்.

இதோடு இஜிஆர் என்று ஒன்று. வெளியே போகும் புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்குள்ளேயே விட்டு, எரியும் சூட்டைத் தணித்து, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது. பெரிய லாரிகளில் இதே வேலைக்கு யூரியா டேங்க் தனியாக இருக்கும். என் வண்டியில் அது இல்லை. மச்சான் ஓட்டும் 12 வீல் லாரியில் இருக்கிறது, அவர் அந்தச் செலவைத் தனி நோட்டில் எழுதுகிறார்.

இவ்வளவையும் வண்டி எடுத்த அன்றைக்கே யாராவது சொல்லியிருக்க வேண்டும். சாவி கொடுத்தார்கள், எலுமிச்சம்பழம் வைத்தோம், போட்டோ எடுத்தார்கள், இனிப்பு கொடுத்தார்கள். டாஷ்போர்டில் எந்த விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. கோபமாகத்தான் எழுதுகிறேன். பத்து லட்சத்துக்குப் பக்கத்தில் பணம் கட்டி எடுக்கிறோம்.

சொல்லாததால் என்ன ஆயிற்று? முதல் மூன்று மாசம் டேங்க் ஃபுல்லுக்கு டேங்க் ஃபுல் கணக்குப் போட்டேன். லிட்டருக்கு 10.8. பழைய வண்டி அதே பாதையில் 12.5 கொடுத்தது. ஏமாந்துவிட்டோம் என்றே நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. கழுவும் மெஷினில் நிற்கும்போது சில நாள் ஐடிலிங் 800 ஆர்பிஎம்மிலிருந்து 1,000க்கு ஏறும். ரேடியேட்டர் ஃபேன் ஓயாமல் ஓடும். இரும்பு காய்ந்த மாதிரி ஒரு வாசனை வரும். "என்னமோ ஓவரா சூடாகுது" என்று பயந்து உடனே சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணிவிடுவேன். அது ரீஜென். பாதி எரிந்துகொண்டிருந்ததை ஒவ்வொரு தடவையும் நானே அணைத்திருக்கிறேன். அடுத்த தடவை கணினி மறுபடி முதலிலிருந்து டீசல் ஊற்றிச் சூடேற்றும், நான் மறுபடி அணைப்பேன். 300 கிலோமீட்டருக்கு ஒரு தடவை நடக்க வேண்டிய வேலை வாரத்துக்கு ஐந்தாறு தடவை அரைகுறையாக நடந்திருக்கிறது. மைலேஜ் எப்படி வரும்?

அடுத்த வருஷம் ஆடி மாசம் நல்ல மழை. மேட்டுப்பாளையம் லோடு குறைந்து, பத்து நாள் போல ஊருக்குள்ளேயே தோட்டத்துக்கும் கழுவுமிடத்துக்கும் 4 கிலோமீட்டர், 5 கிலோமீட்டர் என்று ஓட்டினேன். இன்ஜின் சூடாவதற்குள் ஆஃப். ஆரஞ்சு விளக்கு ஒன்று எரிந்தது, பெட்டியில் புள்ளி புள்ளியாக வைத்த மாதிரி படம். இரண்டு நாள் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் உர மூட்டையோடு ஏறி வரும்போது குஞ்சப்பனை தாண்டி வண்டி தவழ ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் ஆர்பிஎம் 2,000 தாண்டவில்லை. லிம்ப் மோடு, அதாவது இன்ஜினைக் காப்பாற்றக் கணினியே இழுவையைக் குறைத்துவிடுவது. பின்னால் பஸ் ஹாரன் அடிக்க, முதல் கியரிலேயே ஊர் வந்து சேர்ந்தேன்.

மறுநாள் சர்வீஸ் சென்டர். லேப்டாப்பைச் செருகிப் பார்த்துவிட்டு, "டிபிஎஃப் போயிருச்சுங்க, மாத்தோணும்" என்றார்கள். எண்பதாயிரத்துக்கு மேல் ஒரு எஸ்டிமேட். வாரண்டி கேட்டால், சரியாக ஓட்டாததால் அடைத்திருக்கிறது, வாரண்டியில் வராது என்றார்கள். ஒரு வருஷத்து வண்டி. கையெழுத்துப் போடாமல் வெளியே வந்தேன்.

மேட்டுப்பாளையத்தில் தனியாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு அண்ணன், ஸ்கேனர் வைத்திருக்கிறார் என்று மண்டியில் சொன்னார்கள். அவரிடம் போனதும் லேப்டாப்பை எடுக்கவே இல்லை. டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு பானட்டுக்குள் குனிந்தார். டிபிஎஃப் பெட்டியிலிருந்து இரண்டு சின்ன ரப்பர் ஹோஸ் கிளம்பி தீப்பெட்டி அளவில் ஒரு சென்சாருக்குப் போகும். ஒன்று பெட்டிக்கு முன்னால் இருக்கும் அழுத்தத்தைச் சொல்லும், இன்னொன்று பின்னால் இருப்பதை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் உள்ளே எவ்வளவு கரி இருக்கிறது என்று கணினி கணக்குப் போடுகிறது. அவர் முன்பக்கத்து ஹோஸை விரலால் வளைத்துக் காட்டினார். கிளாம்புக்குப் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு விரிசல். அதைச் சுற்றி மை தீட்டிய மாதிரி கறுப்பு வட்டம்.

"பாத்தீங்களாண்ணா, இதுலதான் கசியுது. உள்ள அடைச்சிருந்தாலும் சென்சாருக்கு அழுத்தம் போகல. வர்ற அளவு நம்புற மாதிரி இல்லைன்னு கம்ப்யூட்டர் ரீஜெனையே நிறுத்திருச்சு. ஃபில்டர் மேல தப்பே இல்லைங்க" என்றார்.

ஹோஸும் கிளாம்பும் 340 ரூபாய். பிறகு ஸ்கேனரைச் செருகி, வண்டியை வெறும் தரையில் நிறுத்தி, கட்டாய ரீஜென் போட்டார். ஆர்பிஎம் தானாக ஏறி நின்றது. சைலன்சர் முனையிலிருந்து காற்று அலை அலையாக நெளிந்தது. பக்கத்தில் கிடந்த சாக்குப்பையைக் காலால் தள்ளிவிட்டார். 35 நிமிஷம். கூலி 2,500 ரூபாய். அதற்கப்புறம் இன்றுவரை அந்த விளக்கு எரிந்ததில்லை, அதே ஃபில்டர்தான் ஓடுகிறது. எண்பதாயிரம் எங்கே, 2,840 எங்கே. டிபிஎஃப் மாற்றச் சொன்னால், யார் சொன்னாலும், முதலில் அந்த இரண்டு ஹோஸையும் கழற்றிக் கையில் வாங்கிப் பாருங்கள். நான் 50,000 கிலோமீட்டரில் இரண்டையும் புதிதாக மாற்றிவிட்டேன், ஒரு ஜோடி டாஷ்போர்டு பெட்டியில் எப்போதும் இருக்கும்.

அந்த அண்ணன் சொல்லித்தான் ஆன்லைனில் ஒரு புளூடூத் ஓபிடி வாங்கினேன், வண்டிக் கணினியில் இருப்பதைப் படித்துச் சொல்லும் சின்னக் கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகினால் போனில் எக்ஸாஸ்ட் சூடு, கரி எவ்வளவு சதவீதம், கடைசி ரீஜென் எத்தனை கிலோமீட்டருக்கு முன் எல்லாம் தெரியும். எல்லா வண்டியிலும் எல்லா அளவும் வராது, கேட்டு வாங்குங்கள். இது வந்த பிறகுதான் நான் ஓட்டும் மலை எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது.

இறக்கத்தில் முழு லோடோடு இரண்டாவது கியரில் வருகிறோம். காலை ஆக்ஸிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டால் இன்ஜினுக்கு டீசலே போகாது, சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. போனில் பார்த்தால் எக்ஸாஸ்ட் 110, 120 டிகிரி. வெறும் குளிர்ந்த காற்று டிபிஎஃப் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதில் எந்தக் காலத்திலும் கரி எரியாது. ரீஜென் ஓடிக்கொண்டிருக்கும்போது இறக்கம் ஆரம்பித்தால் 600ல் இருந்த சூடு பக்கத்திலேயே இருக்கும் அரவேணு தாண்டுவதற்குள் இறங்கிப் படுத்துவிடும். திரும்பி ஏறும்போது கதை தலைகீழ். காலி வண்டிதான், ஆனால் 33 கிலோமீட்டர் விடாத ஏற்றம். மூன்றாவது கியரில் 2,200 ஆர்பிஎம்மில் பிடித்தால் எக்ஸாஸ்ட் 340, 370 என்று நிற்கிறது. அந்தச் சூட்டில் கூடுதல் டீசல் இல்லாமலே கரி கொஞ்சம் கொஞ்சமாகத் தானாகக் கரைகிறது. ரீஜென் வந்தாலும் 350லிருந்து 600க்கு ஏறத்தான் டீசல் வேண்டும், 120லிருந்து இல்லை. உர மூட்டை இருந்தால் இன்னும் நல்லது.

இதைப் பார்த்தபின் மூன்று விஷயம் மாற்றினேன். விடியற்காலை கிளம்பும்முன் கரி அளவு 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால், மண்டியில் இறக்கிய கையோடு வேறு வேலை வைக்காமல் நேராக ஏற்றத்தைப் பிடித்துவிடுகிறேன். மேலே வந்து சேரும்போது 20க்குக் கீழே இருக்கும். கழுவுமிடத்தில் அரை மணி நேரம் ஐடிலிங்கில் விடும் பழக்கத்தை நிறுத்தினேன். முன்பெல்லாம் வெளிச்சத்துக்காக வண்டியை ஓடவிட்டு ஹெட்லைட் போட்டு வைப்போம். இப்போது சார்ஜ் போடும் எல்இடி விளக்கு ஒன்று தொங்கவிட்டிருக்கிறேன். ஏற்றத்தில் நாலாவது கியரில் முக்கி முக்கி ஓட்டுவதை விட்டேன். ஆர்பிஎம் குறைந்தால் டீசல் மிச்சம் என்பது பழைய வண்டிக் கணக்கு. 1,300ல் மிதித்து ஓட்டினால் கரி அதிகம், அதை எரிக்கும் செலவும் நம் தலையில்தான்.

நாலாவதாக ஒன்று, இது டீசலுக்காக இல்லை. ரீஜென் ஓடும்போது யூகலிப்டஸ் சருகு, காய்ந்த புல், சாக்கு மேல் வண்டியை நிறுத்தவே கூடாது. எங்கள் ஊரில் பாதி இடம் யூகலிப்டஸ் சருகுதான். பங்குனி, சித்திரையில் ஒரு பொறி போதும்.

மைலேஜ் நோட்டைப் பார்க்கிறேன். இப்போது கோத்தகிரி–மேட்டுப்பாளையம் போய்வந்த சராசரி 12.1. கோயம்புத்தூர் லோடு அதிகம் இருந்த மாசங்களில் 13.4 வரை வந்திருக்கிறது, ரீஜென்னும் 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவைதான். ஊருக்குள் மட்டும் ஓட்டிய அந்த ஆடி மாசம் 9.2. ஒரே வண்டி, ஒரே டிரைவர். இறக்கத்தில் மீட்டர் 99 என்று காட்டும், ரீஜென் நேரத்தில் 6 என்று காட்டும், இரண்டையும் நம்ப வேண்டாம். பங்க்கில் வாய்வரை நிரப்பி, குறைந்தது 1,000 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி அதே பங்க்கில் நிரப்பிப் போடும் கணக்கு மட்டும்தான் கணக்கு. ஒரு முழு ரீஜென்னுக்கு முக்கால் லிட்டர் வரை போகிறது என்பது என் அனுமானம். 300 கிலோமீட்டருக்கு ஒரு தடவை என்றால் 25 லிட்டருக்கு முக்கால் லிட்டர், அதாவது நூற்றுக்கு மூன்று. புகையில்லாமல் ஓட நான் கட்டும் விலை அது. பழைய வண்டியின் 12.5க்கும் இதன் 12.1க்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட அதேதான் என்பதைக் கவனியுங்கள்.

10.8லிருந்து 12.1 என்றால் கேட்க அல்பமாக இருக்கும். மாசம் 2,600 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். 26 லிட்டர் மிச்சம். டீசல் லிட்டர் 90 ரூபாயைத் தாண்டி நிற்கும்போது அது 2,300 ரூபாய்க்கு மேல். வண்டியில் ஒரு போல்ட்கூட மாற்றாமல், ஓட்டும் விதத்தை மட்டும் மாற்றிக் கிடைத்தது.

ஆயில் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் நான் பேசுகிறேன். ரீஜென்னுக்காகப் பீச்சும் டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஆயிலில் கலக்கும். அரைகுறை ரீஜென் அதிகமானால் கலப்பும் அதிகம். முதல் சர்வீஸுக்கு முன் ஆயில் கேஜை உருவிப் பார்த்தேன், மேல்கோட்டுக்கும் அரை விரல் மேலே நின்றது. ஆயில் குறையாமல் ஏறியிருக்கிறதே என்று முதலில் சந்தோஷப்பட்டேன். முகர்ந்தால் டீசல் வாடை. செய்தித்தாளில் ஒரு சொட்டு வைத்தேன். நடுவில் கறுப்பு, அதைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம் பரவிக்கொண்டே போனது. வழவழப்பு போய் நீர்த்துவிட்ட ஆயில். டர்போவுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை. கையேடு 20,000 கிலோமீட்டர் என்றாலும் நான் 10,000ல் மாற்றுகிறேன். என்ன ஆயில் ஊற்றுகிறார்கள் என்பதையும் நின்று பாருங்கள். டிபிஎஃப் வண்டிக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் ஊற்ற வேண்டும், எந்த ரகம் என்று கையேட்டில் எழுதியிருக்கும். கரியை எரிக்கலாம், ஆயிலிலிருந்து வரும் சாம்பலை எரிக்க முடியாது. அது டிபிஎஃப்புக்குள்ளேயே படிந்து நிரந்தரமாக இடத்தை அடைத்துக்கொள்ளும். லிட்டருக்கு நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று பழைய ரக ஆயிலை ஊற்றுவது ஃபில்டருக்குக் குழி தோண்டுவது மாதிரி.

இப்போது கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன். நான் லிம்ப் மோடில் நின்ற வாரத்தில் மூன்று பேர் எனக்குச் சொன்ன வைத்தியம் ஒன்றுதான். "அந்தப் பொட்டியைக் கழட்டி உள்ள இருக்கறதை உடைச்சு எடுத்துட்டு, புரோகிராமை மாத்திருங்க. மைலேஜ் 14 வரும்." செய்துகொடுக்க ஆளும் இருக்கிறார்கள். இருபதாயிரத்துக்குள் முடித்துவிடுவார்கள். எண்பதாயிரம் எஸ்டிமேட் கையில் இருந்தபோது எனக்கும் ஒரு ராத்திரி மனசு அலைபாய்ந்தது.

செய்யாததற்கு மூன்று காரணம். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)ல் புகை விதியை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாசம் வரை சிறையும் உண்டு. வாரண்டியும் அதோடு போய்விடும். இது முதல் காரணம். செய்துகொண்ட ஒருவரின் கணக்கை நான் நேரில் பார்த்தேன், 12லிருந்து 12.6. பதினாலு எல்லாம் வாய்ப்பேச்சு. இது இரண்டாவது. மூன்றாவது, அந்த முந்தானைகள். அந்தப் பீங்கானை உடைத்தால் பிஎஸ்3 காலத்துக்கே வண்டியைத் திருப்பி ஓட்டுகிறோம். நம் ஊர் மலைக்காற்றில், நம் வீட்டு ஆட்கள் நடக்கிற ரோட்டில். மூன்று காசு மிச்சத்துக்காக அதைச் செய்ய என்னால் முடியாது. வேறு யாரும் செய்யக்கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பழைய பிஎஸ்6 வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு சோதனை. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது சைலன்சர் முனைக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். என் வண்டியில் 92,000 கிலோமீட்டருக்குப் பிறகும் விரலில் சாம்பல் நிறத் தூசி மட்டும்தான் ஒட்டும். அடுப்புக்கரி மாதிரி கறுப்பாக வந்தால் ஒன்று ஃபில்டர் உடைந்திருக்கிறது, இல்லை உருவியிருக்கிறார்கள். விலை பேசவே வேண்டாம், நடையைக் கட்டுங்கள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இழுவை பிரமாதம். ஒன்றரை டன் உரத்தோடு ஏறும்போதும் மூன்றாவது கியருக்குப் போக முடிகிறது, பழைய வண்டி இரண்டில்தான் முனகும். பிரேக் நல்ல பிடிப்பு. இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கிங் பழைய வண்டியைவிடக் கொஞ்சம் குறைவாகத் தோன்றியது, இரண்டாவது கியரை விட்டுவிடாதீர்கள். டிரைவர் சீட் சுமார், மூன்று மணி நேரத்துக்கு மேல் இடுப்பு வலிக்கிறது. ஹெட்லைட் மூடுபனியில் போதாது, மஞ்சள் விளக்கு தனியாகப் போட்டேன். கேபினுக்குள் சத்தம் குறைவு. பின் ஸ்பிரிங் பட்டை காலி வண்டியில் தூக்கிப் போடும், அது எல்லா பிக்கப்புக்கும் உள்ளதுதான்.

யாருக்கு இந்த வண்டி? தினமும் ஒரே ஓட்டத்தில் குறைந்தது 30 கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் யோசிக்காமல் எடுக்கலாம். மலையில் ஓட்டுகிறவர்கள் ஏற்றத்தை நம்பி எடுக்கலாம். டவுனுக்குள்ளேயே கடை கடையாக நின்று நின்று தண்ணீர் கேனும் சிலிண்டரும் போடுகிறவர்கள் தயவுசெய்து டீசலை விட்டுவிடுங்கள். சிஎன்ஜி அல்லது மின்சாரக் குட்டியானை உங்களுக்குச் சரி. உங்கள் ஓட்டத்தில் டிபிஎஃப் சூடாகவே ஆகாது. பிறகு வண்டியையும் சர்வீஸ் சென்டரையும் திட்டிக்கொண்டு அலைவீர்கள்.

போன மாசம் குஞ்சப்பனையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு தம்பி புது பிக்கப்பை ஓரங்கட்டிவிட்டு இறங்கினான், முகத்தில் பயம். அதே ஆரஞ்சு விளக்கு. கீழே இறங்குகிற வண்டி, காலி. பானட்டைத் திறக்கச் சொல்லி இரண்டு ஹோஸையும் வளைத்துப் பார்த்தேன், நல்லாவே இருந்தது. எத்தனை நாளாக ஊருக்குள் ஓட்டுகிறாய் என்றேன். "ரெண்டு வாரமா தேயிலை மூட்டைதாங்ண்ணா, ஃபேக்டரிக்கும் தோட்டத்துக்கும்" என்றான்.

"ஒண்ணும் ஆகல தம்பி. இறங்கற வரைக்கும் விளக்கு எரியட்டும், பயப்படாதே. மேட்டுப்பாளையம் தாண்டினதும் கோயம்புத்தூர் ரோட்டுல மூணாவது இல்லைன்னா நாலாவது கியர்ல 2,000க்குக் கீழ இறங்காம ஓட்டு. எங்கயும் நிறுத்தாதே, ஆஃப் பண்ணாதே" என்று சொல்லி என் நம்பரைக் கொடுத்தேன்.

முக்கால் மணி நேரம் கழித்துப் போன் வந்தது. காரமடை தாண்டிவிட்டானாம். "அண்ணா, விளக்கு போயிருச்சுங்ண்ணா. ஆனா ஃபேன் இன்னும் சத்தமா ஓடுது, நிறுத்தலாமுங்களா?"

"ஃபேன் அடங்கற வரைக்கும் ஓட்டு" என்றேன்.